ஆடி முடியட்டும் என்று காத்திருந்த வீடு

கொரோனா அடங்கியும் அடங்காமலும், எல்லோரும் மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த வருஷம் அது. நடந்த இடம் லா பால்மா. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கடலுக்கு நடுவில் கிடக்கும் சின்னத் தீவு. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தம். நான் இப்போது உட்கார்ந்து இதை எழுதும் இடம் புதுக்கோட்டை, திருக்கோகர்ணம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் கேட்டார். "ஸ்பெயின்ல தீவா? அங்கிட்டுப் போயி என்னம்மா பண்ணுனீங்க?" என்றார். குடும்பம் நடத்தினோம் அக்கா, வேறென்ன பண்ணுவோம் என்றேன்.

என் வீட்டுக்காரர் சமையல்காரர். ஆலங்குடிப் பக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் மாதிரி அவரும் முதலில் வளைகுடாவுக்குத்தான் போனார். அங்கே அவர் கைப்பக்குவத்தைப் பார்த்த ஒரு முதலாளி, அந்தத் தீவில் டூரிஸ்ட்டுகளுக்காக ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தபோது இவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே நானும் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வாழைத்தார் பேக்கிங் செய்யும் ஷெட்டில் வேலை. பிறந்ததிலிருந்து வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவளுக்கு, சீப்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பெண் ஸ்பானிஷில் பாடம் எடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். போகப்போக மொழியும் வந்தது. இலக்கணம் எல்லாம் இல்லை, சண்டை போடும் அளவுக்கு வந்தது. எனக்கு அது போதும்.

அந்தத் தீவிலேயே ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊருக்கு லீவில் வந்தால் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். "விசேஷம் ஏதும் உண்டா?" "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" "இன்ன கோயில்ல தொட்டில் கட்டுனா ஒடனே." எல்லோரும் நல்லவர்கள்தான், பாசத்தில்தான் கேட்பார்கள். ஆனால் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்கும். அந்தத் தீவில் அத்தனை வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, வேலை முடிந்ததா, இந்தச் சனிக்கிழமை பாட்டுக் கச்சேரிக்கு வருகிறாயா என்பார்கள். அவ்வளவுதான். அந்த நிம்மதிக்கு நான் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வேறு காரணம். கஜா புயலில் ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் தென்னந்தோப்பு ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டது. அவருடைய அப்பா வைத்த மரங்கள். வீடியோவில் பார்த்துவிட்டு மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. அதற்குப் பிறகு அவருக்கும் ஊர்மேல் இருந்த பிடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. "இங்கிட்டுப் புயல் வராது, நீ சொல்றாப்ல இங்கயே ஒண்ணப் பாப்போம்" என்றார். மிச்சம் இருந்த இடத்தை விற்றார். வளைகுடாவில் சேர்த்தது, நான் ஷெட்டில் சேர்த்தது, பேங்க் லோன் எல்லாம் சேர்த்து வீடு பார்க்க ஆரம்பித்தோம்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது தீவின் கிழக்குப் பக்கம், துறைமுகத்தை ஒட்டி. வீடு அமைந்தது மேற்குப் பக்கத்து மலைச்சரிவில். நடுவில் மலையைக் குடைந்து ஒரு குகைப்பாதை உண்டு. இந்தப் பக்கம் தூறலும் மேகமுமாகப் பஸ் உள்ளே நுழையும், அந்தப் பக்கம் வெளியே வந்தால் பளீரென்று வெயில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது அதிசயமாக இருக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெயில் முகத்தில் அடிக்கிறது.

வீட்டை விற்றவர் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். மனைவி இறந்துபோனார், ஒரே மகள் அடுத்த தீவில் இருக்கிறாள். மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்பதற்காக இந்த வீட்டை விற்கிறார். நான் முதல் நாளே அவரை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கூடப்பிறந்த பெரியவர் என்றேன். ரொம்பச் சந்தோஷம், ஆனால் விலையில் ஒன்றும் குறைக்க முடியாது என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பின்னால் ஓர் அத்தி மரம், முன்னால் நின்றால் வாழைத்தோட்டம் முழுக்க இறங்கிப் போய்க் கடலில் முடியும். ஆனால் என்னைச் சாய்த்தது அடுப்படிதான். சுவரில் ஒரு மாடம். அதில் மேலே குழிந்த கல் ஒன்று, அதற்குக் கீழே மண்பானை. கல்லில் ஊற்றும் தண்ணீர் கசிந்து கசிந்து சொட்டுச் சொட்டாகப் பானையில் விழும். ஒரு தம்ளர் மோந்து கொடுத்தார். அவ்வளவு குளிர்ச்சி. குடித்துவிட்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "சரி சரி, மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றார்.

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அங்கே ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் நோட்டரி என்று ஒருவரிடம் போக வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் எதிரில் உட்கார, அவர் பத்திரம் முழுவதையும் வாய்விட்டுப் படிப்பார், பிறகு கையெழுத்து. அவர் கொடுத்த தேதி ஜூலைக் கடைசி. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு ஆலங்குடியில் இருந்த மாமியாருக்குப் போன் போட்டேன்.

"என்னத்தா சொல்ற? ஆடியிலயா பத்திரம் முடிக்கப் போறீங்க? நல்லா இருக்கே கதை!"

"அத்தை, இங்கிட்டு ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாது. ஜூலை, ஆகஸ்டுதான்."

"நீ எங்கிட்டு இருந்தாலும் ஆடி ஆடிதான்த்தா. அந்த மாசத்துல யாரு வீடு வாங்குவா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. போனை என் வீட்டுக்காரர் கையில் திணித்தேன். அவர் இந்தப் பக்கம் உம், உம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஆத்தா இத்தனை வருஷத்துல நம்மகிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. தோப்ப விக்கிறேன்னு சொன்னப்பக்கூட சரிப்பான்னுதான் சொல்லுச்சு. ஒரு மாசம்தானே" என்றார். ஒரு மாசத்துக்குள் அந்த ஆள் வேறு யாருக்காவது விற்றுவிட்டால் என்று கத்தினேன். என் பயம் சும்மா இல்லை. ஒரு ஜெர்மனிக்காரத் தம்பதி அதே வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாளைக்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று பஸ் ஏறிப் போனோம். அரைகுறை ஸ்பானிஷில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஒரு மாதம் இருக்கிறது, அந்த மாதத்தில் வீடு வாங்க மாட்டோம் என்றார். ஏன் என்று கேட்டார் அண்ணன். இவர் வாய்க்கு வந்தபடி "காற்று பலமாக அடிக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மானம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை.  என் அம்மா செவ்வாய்க்கிழமையில் எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டாள், நான் பஸ் டிரைவர் வேலையில் சேர வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை, ஜுரம் என்று பொய் சொல்லச் சொல்லி புதன்கிழமைதான் அனுப்பினாள் என்றார். எங்க ஊர்லயும் செவ்வாய்க்கிழமை ஆகாது அண்ணே என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். அது அவருக்குப் புரிந்ததோ என்னவோ, கையை நீட்டினார். காத்திருக்கிறேன், உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அது உங்கள் வீடு என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் அது "உங்கள் வீடு"தான். அத்தி காய்த்துவிட்டது என்று போன் செய்தாலும், உங்கள் வீட்டு அத்தி மரம் காய்த்திருக்கிறது என்பார்.

மாமியார் அதோடு விடவில்லை. ஆடி பிறக்கும் முன் ஒரு நல்ல நாளில் விளக்கும் உப்பும் மஞ்சளும் அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடச் சொன்னார். நல்ல நாளைத் தவறவிடாமல் ஒரு சாமானை முன்கூட்டியே வைத்து இடம் பிடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதையும் செய்தோம். ஊரிலிருந்து நான் கொண்டுபோயிருந்த பித்தளை விளக்கை அந்தத் தண்ணீர் மாடத்தில் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு ஜாடி நிறைய உப்பு, நாலு மஞ்சள் கிழங்கு. உப்பு குறையக் கூடாது அண்ணே, எடுத்துச் சமைத்துவிடாதீர்கள் என்றேன். விளக்குக்குத் தினமும் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், அது பாட்டுக்கு இருந்தால் போதும் என்றோம். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சரி என்றார்.

ஆடி முடிந்தது. ஆவணியில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றால், ஆகஸ்டில் அந்த நாடே லீவில் போய்விடுகிறது. பேங்கில் லோனைப் பார்க்கும் அம்மா கடற்கரைக்குப் போய்விட்டார். நோட்டரி ஆபீஸில் ஆள் இல்லை. எல்லோரும் திரும்பி வந்து, தேதி கிடைத்தது செப்டம்பர் கடைசியில். காலண்டரைப் பார்த்தால் புரட்டாசி! மாமியாருக்குப் போன் செய்து, அத்தை, இதுக்கும் ஏதாவது சொன்னீங்க, நான் இந்தக் கடல்லயே விழுந்துருவேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "பத்திரத்த முடிங்கத்தா. பால் மட்டும் ஐப்பசியில காச்சிக்கலாம்" என்றார்.

அந்தத் தேதிக்குச் சில நாட்கள் முன்னாலிருந்தே தரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தட்டு கிணுகிணுக்கும், நின்றுவிடும். இந்தத் தீவில் இது சகஜம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமான நேரம், நானும் உதவிக்குப் போயிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. தெருவுக்கு ஓடிவந்து பார்த்தால், மலைக்கு மேலே கறுப்பாகப் புகை எழும்பி நிற்கிறது. எரிமலை. படத்தில் பார்த்திருக்கிறேன், பாடத்தில் படித்திருக்கிறேன். என் வீடு இருக்கும் பக்கத்தில் அது வாயைத் திறக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அண்ணனுக்குப் போன் போட்டால் லைனே போகவில்லை. மறுநாள்தான் அவரைக் கண்டுபிடித்தோம். மேற்குப் பக்கத்து ஜனங்களையெல்லாம் வெளியேற்றி, எங்கள் பக்கம் ஒரு முகாமில் தங்க வைத்திருந்தார்கள். போட்ட சட்டையோடு ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. "வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று தமிழில் சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கினார். கஜா சமயத்தில் எங்கள் ஊரில் கூரை நின்ற வீட்டில் எல்லாம் கூரை போனவர்கள்தான் இருந்தார்கள். அதில் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. வாடகை ஃபிளாட்டின் ஹாலில் அவருக்குப் படுக்கை போட்டோம்.

வீட்டிலிருந்து சாமான் எடுக்க ஒருநாள் போலீஸ் அவருக்கு நேரம் கொடுத்தது. போலீஸ் கூடவே வரும், கால் மணி நேரம்தான், வீட்டின் சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாம். ஒரு வேனைக் கடன் வாங்கிக்கொண்டு போனோம். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். வேன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஃபிரிட்ஜ், மெத்தை, ஒருவர் ஜன்னலையே பெயர்த்து எடுத்து வந்தார், இன்னொருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தார். எங்கள் தலையில் எல்லாம் கறுப்புச் சாம்பல் பொலபொலவென்று விழுந்துகொண்டே இருந்தது.

அண்ணனின் வேன் வந்தது. பின்கதவைத் திறந்தால் பாதிகூட நிறையவில்லை. ஒரு பெட்டி போட்டோ, மனைவியின் தையல் மிஷின், காப்பி போடும் கெட்டில். முன்சீட்டில், பெல்ட் போட்டுக் கட்டி, எங்கள் விளக்கு. அதன் பக்கத்தில் உப்பு ஜாடி. வாயைப் பிளாஸ்டிக் பேப்பரால் மூடி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மஞ்சள் கிழங்கைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உப்பையா எடுத்து வருவீர்கள், கடையில் கிடைக்கிற உப்பு, உங்கள் குளிர்க்கோட்டு எங்கே, டிவி எங்கே, புது மெத்தை வாங்கினீர்களே அது எங்கே என்று நடுரோட்டில் கத்தினேன். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்: "அதெல்லாம் என்னுது, போனாப் போகுது. இது நீங்க என்னை நம்பி வச்சதும்மா."

பிறகு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். எரிமலைக் குழம்பு ஆறு மாதிரி ஓடி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாட்டு வண்டி போகும் வேகத்துக்கும் மெதுவாக, ஒரு கறுப்புச் சுவர் நகர்ந்து வருகிறது. இன்றைக்கு அந்த ஸ்கூல், நாளைக்கு அந்த மாதா கோயில் என்று ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வருகிறது. தினமும் காலையில் ட்ரோன் விட்டு மேலிருந்து எடுத்த வீடியோவைப் போனில் பார்ப்போம். சிவப்பு ஓடும் அத்தி மரமும் தெரியும். இன்னும் நிற்கிறது என்பார் அண்ணன். காப்பி போடுவேன். மொட்டை மாடியில் விழுந்த சாம்பலை அவரும் என் வீட்டுக்காரரும் கூட்டி அள்ளுவார்கள். ரசத்தை அண்ணன் கப்பில் ஊற்றிச் சூப் மாதிரிக் குடிப்பார். புளிக்குழம்பு மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது, மூக்கைப் பொத்திக்கொள்வார். பார்த்தால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டு போட்டாயிற்று. அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே இருந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போய்ப் பின்னால் நின்று பார்த்தார். நானும் போனேன். கறுப்புச் சுவர் வீட்டின் முதுகில் வந்து சாய்ந்திருந்தது. அத்தி மரத்தில் குப்பென்று தீப்பிடித்தது. பிறகு ஓடு நடுவில் மடங்கி உள்ளே இறங்கியது. சத்தமே இல்லாத வீடியோ. இறங்கி முடித்ததும் அங்கே ஒரு வீடு இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "என் வீடு போச்சு" என்றார்.

எத்தனையோ வாரமாக உங்கள் வீடு, உங்கள் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத்தான் அதை என் வீடு என்றார். எனக்கு அப்போதே அது உறைத்தது. அடுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லவேளை, நீங்க கையெழுத்துப் போடல."

அந்த மனிதருக்குக் கோபம் வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஜூலையிலேயே நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் புது ஃபிளாட்டில் உட்கார்ந்து இதை டிவியில் பார்த்திருப்பார். ஜெர்மனிக்காரர்களுக்கு விற்றிருந்தாலும் தப்பித்திருப்பார். எங்களுக்காக, அவருக்குப் பேர்கூடச் சொல்ல வராத ஒரு மாதத்துக்காகக் காத்திருந்தார். அப்படிப்பட்டவர் நல்லவேளை என்கிறார். தோப்பு விழுந்தபோது அழாத என் வீட்டுக்காரர் அன்றைக்கு அடுப்படியில் போய் நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சாயங்காலம் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்தது. செய்தி அங்கேயும் போய்விட்டது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஸ்பீக்கரில் முழங்கினார். "பாத்தியாப்பா! ஆடி காப்பாத்திருச்சுப்பா ஒங்கள! தெய்வம் இருக்குப்பா!" பக்கத்தில் இருந்த அண்ணன், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் மொழி தெரியாதவருக்கும் கேட்டிருக்கும்.  நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அணைத்தேன்.

அடுத்த போன் மாமியாருடையது. அவரும் அதையே சொல்லப் போகிறார், இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். ஆடி என்று தடை போட்ட ஆளே அவர்தானே. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சாத்தா?" என்றார். அறுபதைத் தாண்டியவரைப் புள்ள என்கிறார். சாப்பிடலை அத்தை என்றேன். "ரெண்டு வாயி தயிர்சோறாச்சும் குடுத்தா. வெறும் வயித்தோட படுக்க விடாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு போனிலும் முதலில் அந்தக் கேள்விதான். ஒரு தடவைகூட, இன்றுவரை, ஆடி காப்பாற்றியது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அட்வான்ஸை அவர் திருப்பிக் கொடுக்க வந்ததும், என் வீட்டுக்காரர் வாங்க மறுத்ததும், இரண்டு பேரும் ஹாலில் நின்று மல்லுக்கட்டியதும் தனிக் கூத்து. அதை விடுங்கள். எரிமலை அடங்கி, குளிர்காலம் முடிகிறவரை அவர் எங்களோடுதான் இருந்தார். சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, அந்தத் தீவில் இருந்த வருஷங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த மாதங்கள் அவைதான். வேலை முடிந்து படியேறும்போதே காப்பி வாசம் வரும். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு மொழியில் சீட்டாட்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் போய் இரண்டு பேரையும் திட்டுவேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

பிறகு மகள் வந்து அவரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனாள். துறைமுகத்தில் நின்று கை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்க மனசு வரவில்லை. டூரிஸ்ட் வரத்து குறைந்து கடையையும் முதலாளி மூடினார். ஊரில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தோம். எனக்கும் வயசாகிவிட்டதால் இப்போது யாரும் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லை. ஆனாலும் சில நாள், மழை விட்டு வெயில் வரும்போது, அந்தக் குகைப்பாதையை விட்டுப் பஸ் வெளியே வருவது மாதிரி இருக்கும். அன்றைக்கெல்லாம் ஒரு வேலையும் ஓடாது.

போன வருஷம் திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு அமைந்தது. விற்றது தனியாக இருந்த ஓர் அம்மா. மகளுக்கு ஓசூரில் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும், போனால் திரும்பி வரப் பல மாதம் ஆகும். பார்த்தால் ஆடி இரண்டாவது வாரம். பத்திரம் எழுதுபவரே, நாங்கள் கேட்காமலே, அந்த அம்மாவைக் காட்டி எங்களுக்காகப் பேசினார். "அவங்க காத்திருப்பாங்கம்மா, ஆவணி மொத முகூர்த்தத்துல வச்சுக்கலாம்" என்றார். அந்த அம்மாவும், முகத்தில் கவலை தெரிய, உங்க சௌகரியம்போல செய்ங்க என்றார். காத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை விடப்போவதில்லை, சண்டை போட்டாவது ஆடியிலேயே முடித்துவிடுவது என்று வார்த்தையை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். விஷயத்தைச் சொன்னேன். 

"அந்தம்மாவக் காக்க வைக்காதத்தா" என்றார். "காத்துக்கிட்டு இருந்தவரு பட்டதே போதும். நாளைக்கே போயி முடிச்சுட்டு வாங்க."

அடுக்கி வைத்திருந்த வார்த்தைக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று. மறுநாள் போனோம். ஆடி என்பதால் ரிஜிஸ்டர் ஆபீஸ் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கே பஸ் ஏறிருவேன்மா, புள்ளைகிட்டப் போயிருவேன் என்றார். வெளியே வந்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டோம். மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்போது அவருக்கு ஒரு சின்ன ஃபிளாட் அமைந்திருக்கிறது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. வீடு வாங்கிவிட்டோம் என்றதும், அந்தக் காற்று மாதம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை அண்ணே, இப்போதுதான் பலமாக அடிக்கிறது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஆடியில் நாங்கள் தப்பித்தோம் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீட்டில், காதுகுத்தில் எல்லாம் கதையாகச் சொல்கிறார்கள்; எனக்கு மட்டும், அந்த ஆடி முழுக்க ஒரு மனிதர் எங்களுக்காகக் காத்திருந்தார் என்பதுதான் ஞாபகத்தில் நிற்கிறது.